அச்சேறிய அந்தரங்கக் கடிதங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: அமெரிக்க அரசியலமைப்பில் அரசியல் கட்சிகளைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. அதை உருவாக்கியவர்கள் கட்சிகளைக் குடியரசைப் பிடிக்கும் நோயாகவே எண்ணினார்கள். அப்படியிருக்க, பத்தே ஆண்டுகளில் அவர்களே இரண்டு அணிகளாகப் பிரிந்தது எப்படி? விடுதலைப் பிரகடனக் குழுவில் ஒன்றாக உட்கார்ந்த ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் 1801 முதல் 1812 வரை ஒருவருக்கொருவர் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது ஏன்?

பாடப்புத்தகம் தரும் விடை தவறல்ல. கருவூலச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன் தேசிய வங்கியை நிறுவினார். மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசின் தலையில் ஏற்றிக்கொண்டார். பிரிட்டனோடு வணிக உறவைப் பேணினார். வெளியுறவுச் செயலாளர் ஜெஃபர்சனுக்கும் அவருடைய நண்பர் ஜேம்ஸ் மேடிசனுக்கும் இதில் பணக்காரர்களின் ஆட்சியும், பின்வாசல் வழியாக நுழையும் முடியாட்சியும் தெரிந்தன. பிரெஞ்சுப் புரட்சி அந்தப் பிளவில் எண்ணெய் ஊற்றியது. ஹாமில்டன் பக்கம் நின்றவர்கள் ஃபெடரலிஸ்டுகள். ஜெஃபர்சன் பக்கம் நின்றவர்கள் குடியரசுவாதிகள். இன்றைய குடியரசுக் கட்சியோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது 1854இல் பிறந்தது.

இவ்வளவும் சரி. ஆனால் கருத்து வேறுபாடு மட்டும் நண்பர்களைப் பகைவர்களாக்கிவிடுவதில்லை. அந்தத் தலைமுறையின் நட்புகள் முறிந்த இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தால், பெரும்பாலான இடங்களில் ஒரு கடிதம் கிடக்கிறது: ஒருவருக்காக எழுதப்பட்டு, ஊரே படித்துவிட்ட கடிதம். பல ஆண்டுகளாக இவர்களுடைய கடிதங்களைப் படித்துவரும் எனக்கு, கட்சிகளின் பிறப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

முதலில் அஞ்சல் எப்படி நடந்தது என்று பார்த்துவிடுவோம். அன்று உறை பெரிதாக வழக்கில் இல்லை. எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்து முத்திரையிட்டார்கள். கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே கட்டினார். 1792ஆம் ஆண்டு அஞ்சல் சட்டப்படி ஒரு தாள் கடிதத்துக்கு 30 மைல் வரை 6 சென்ட், 450 மைலைத் தாண்டினால் 25 சென்ட். செய்தித்தாளுக்கோ 100 மைல் வரை ஒரே ஒரு சென்ட், அதற்கு மேல் ஒன்றரை சென்ட். அச்சுக்கூடக்காரர்கள் தங்களுக்குள் பத்திரிகைகளைக் கட்டணமின்றியே அனுப்பிக்கொள்ளலாம். பாஸ்டனில் ஒரு பத்திரிகை ஒரு கடிதத்தை வெளியிட்டால், சில வாரங்களில் அதை வெட்டி ஒட்டித் தென்கோடிப் பத்திரிகையும் வெளியிட்டுவிடும் என்பதே இதன் பொருள். 1790இல் நாட்டில் 75 அஞ்சலகங்கள் இருந்தன, 1800இல் 903. வாய்க்கால் வெட்டிவைத்தது அரசு. அதில் பாய்ந்தது கட்சிப்பூசல்.

கட்சி அலுவலகம், உறுப்பினர் அட்டை, மாநாடு எதுவும் இல்லாத காலம் அது. வெர்ஜீனியாவில் மான்டிசெல்லோ என்ற தம் பண்ணைவீட்டில் இருக்கும் ஜெஃபர்சன் பிலடெல்ஃபியாவில் இருக்கும் மேடிசனுக்கு எழுதுகிறார்; மேடிசன் அதை நம்பிக்கையான இருவருக்குக் காட்டுகிறார்; அவர்கள் தங்கள் ஊருக்கு எழுதுகிறார்கள். அந்த வலைதான் கட்சி. தலைவர்கள் எவரும் தாம் கட்சி நடத்துவதாக ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லாததால், எல்லாமே அந்தரங்கக் கடிதத்தில்தான் நடந்தாக வேண்டியிருந்தது. பலவீனமும் அங்கேயே இருந்தது.

முதல் அடி 1791இல் விழுந்தது. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்துத் தாமஸ் பெய்ன் எழுதிய 'மனித உரிமைகள்' நூலின் பிரதி ஒன்றை அச்சுக்கூடத்துக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பு ஜெஃபர்சனுக்கு வந்தது. மரியாதைக்காக நான்கு வரி எழுதிச் சேர்த்தார்: நம்மிடையே முளைத்திருக்கும் அரசியல் திரிபுக் கொள்கைகளுக்கு எதிராக ஒருவழியாகப் பகிரங்கமாக ஏதோ சொல்லப்படுகிறதே என்று மகிழ்ச்சி. அச்சுக்கூடக்காரர் அந்த வரிகளை நூலின் முகப்பிலேயே, வெளியுறவுச் செயலாளரின் பெயரோடு போட்டுவிட்டார். அப்போது துணைக் குடியரசுத் தலைவராக இருந்த ஆடம்ஸ், மக்களாட்சியின் ஆபத்துகளைப் பற்றிப் பத்திரிகையில் தொடர் கட்டுரைகள் எழுதிவந்தார். யாரைச் சொல்கிறார் என்று யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

இதில் என்னை வருத்துவது அச்சுக்கூடக்காரரின் செயல் அல்ல, ஜெஃபர்சன் பிறகு எழுதிய கடிதங்கள். குடியரசுத் தலைவர் வாஷிங்டனுக்கு எழுதியபோது, ஆடம்ஸின் கட்டுரைகளையே மனத்தில் வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டார். சில மாதம் கழித்து ஆடம்ஸுக்கு எழுதியபோது, உங்களுடைய எழுத்து எதையும் நான் நினைக்கவே இல்லை என்றார். இரண்டு கடிதங்களும் இன்று நம் கையில் இருக்கின்றன. ஜெஃபர்சன் மோதலை நேரில் தாங்க முடியாத மனிதர். எதிரில் இருப்பவருக்கு இனிமையான பக்கத்தைக் காட்டி, கூர்மையான பக்கத்தை மூன்றாமவருக்கு எழுதுவார். அவருடைய எழுத்தை நேசிக்கிற எனக்கே இதை மன்னிப்பது கடினமாக இருக்கிறது.

அதே ஆண்டு அக்டோபரில் கவிஞர் ஃபிலிப் ஃப்ரேனோ 'நேஷனல் கெசட்' பத்திரிகையைத் தொடங்கினார். வெளியுறவுத் துறையில் மொழிபெயர்ப்பு எழுத்தராக ஆண்டுக்கு 250 டாலர் சம்பளத்தில் அவரை அமர்த்தியிருந்தவர் ஜெஃபர்சன். எதிர்ப்பக்கம் ஜான் ஃபெனோவின் 'கெசட் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்'. அதற்குக் கருவூலத் துறையின் அச்சு வேலைகள் போய்ச் சேர்ந்தன. அரசின் சம்பளத்தில் அரசின் கருவூலச் செயலாளரையே தாக்குகிறார்கள் என்று ஹாமில்டன் புனைபெயர்களில் எழுதித் தள்ளினார். ஒரே அமைச்சரவையின் இரண்டு தூண்கள்! மனம் நொந்த வாஷிங்டன் 1792 ஆகஸ்டில் இருவருக்கும் தனித்தனியே எழுதி, ஒருவரையொருவர் பொறுத்துப்போகும்படி மன்றாடினார். செப்டம்பர் 9ஆம் தேதி, ஒரே நாளில், இருவரும் பதில் எழுதினார்கள். இருவருமே குற்றம் அடுத்தவருடையது என்றார்கள். அந்த இரண்டு பதில்களையும் அடுத்தடுத்துப் படித்தால் கட்சிகள் பிறந்துவிட்டன என்பதற்கு வேறு சான்றிதழ் வேண்டியதில்லை. மறு ஆண்டு ஜூலையில், ஹாமில்டனின் கட்டுரைகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்று தவித்த ஜெஃபர்சன், பேனாவை எடுங்கள், பொதுமக்கள் முன்னிலையில் அவரைத் துண்டுதுண்டாக வெட்டிப்போடுங்கள் என்று மேடிசனுக்கு எழுதினார். தாம் எழுதவில்லை.

1796 குடியரசுத் தலைவர் தேர்தலில், மாநிலங்கள் அனுப்பிய தேர்வாளர்களின் வாக்குகள் ஆடம்ஸுக்கு 71, ஜெஃபர்சனுக்கு 68. அன்றைய விதிப்படி இரண்டாவதாக வந்தவர் துணைக் குடியரசுத் தலைவர். இங்கே, திசை மாறியிருக்கக்கூடிய ஒரு கணம் வருகிறது. அந்த டிசம்பரில் ஜெஃபர்சன் ஆடம்ஸுக்கு உண்மையான பாசத்தோடு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் வென்றதில் எனக்கு வருத்தமில்லை, நியூயார்க்கில் இருக்கும் உங்கள் நண்பரின் சூழ்ச்சியில் ஏமாந்துவிடாதீர்கள் என்றது அது. ஹாமில்டனைத்தான் சொன்னார். கடிதத்தை நேராக அனுப்பாமல், படித்துப் பார்த்து அனுப்பும்படி மேடிசனிடம் கொடுத்தார். மேடிசன் அனுப்பவில்லை. அதற்கு அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று என் மனத்தை விட்டு நீங்கவே இல்லை: நாளை ஆடம்ஸின் ஆட்சியை நாம் எதிர்க்க நேரலாம், அப்போது இவ்வளவு பாராட்டும் நம்பிக்கையும் எழுத்தில் அவர் கையில் இருப்பது நமக்குச் சங்கடம். ஒரு நண்பர் இன்னொரு நண்பருக்கு எழுதிய வாழ்த்து, எதிர்காலப் பகைக்கு ஆவணமாகிவிடும் என்று கணக்குப் பார்க்கப்பட்டது. கட்சி என்ற நிறுவனம் நட்பை முந்திய நாள் அதுதான் என்பேன். அந்தக் கடிதம் ஆடம்ஸின் கைக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன்.

அனுப்பாத கடிதம் ஒரு தீங்கு செய்தது என்றால், அனுப்பிய கடிதம் இன்னொன்றைச் செய்தது. அதே 1796 ஏப்ரலில், இத்தாலியின் பீசா நகரில் வாழ்ந்த பழைய அண்டைவீட்டு நண்பர் ஃபிலிப் மாட்சேய்க்கு ஜெஃபர்சன் எழுதினார். குடும்ப விவகாரங்களுக்கு நடுவே அரசியல் பற்றி ஒரு பத்தி: போர்க்களத்தில் சிம்சோன்களாகவும் ஆலோசனை மன்றத்தில் சாலமோன்களாகவும் இருந்தவர்கள், இங்கிலாந்து என்ற வேசியிடம் தலைமுடியைப் பறிகொடுத்து நிற்கிறார்கள். (விவிலியத்தில் சிம்சோனின் வலிமை தலைமுடியில் இருந்தது; சாலமோன் ஞானத்துக்குப் பெயர்பெற்ற அரசர்.) மாட்சேய் அதை இத்தாலிய மொழியில் பெயர்த்து நண்பர்களுக்குக் காட்டினார். 1797 ஜனவரியில் அது பிரெஞ்சில் பாரிஸ் பத்திரிகையில் வந்தது. மே மாதம் நோவா வெப்ஸ்டரின் நியூயார்க் பத்திரிகை அதை மறுபடி ஆங்கிலமாக்கி வெளியிட்டது. பிற்காலத்தில் அகராதி தொகுத்த அதே வெப்ஸ்டர்தான்.

மூன்று மொழிகளைக் கடந்து திரும்பிய கடிதத்தில் ஒரு பன்மை விகுதி காணாமல் போயிருந்தது. ஜெஃபர்சன் எழுதியது பிரிட்டிஷ் ஆட்சியின் 'வடிவங்கள்': அதாவது அரசவை வரவேற்புகள், ஆடம்பரச் சடங்குகள். திரும்பி வந்தது 'வடிவம்': அதாவது அரசியலமைப்பே. சடங்குகளைக் கண்டித்தவர் அரசியலமைப்பின் எதிரியாகிவிட்டார். மறுப்பு வெளியிடலாமா என்று யோசித்தார். முழுக்க மறுக்க முடியாது, ஏனென்றால் பெரும்பகுதி அவருடைய சொற்கள்தான். பாதியை மட்டும் மறுத்தால் மீதியை ஒப்புக்கொண்டதாகும், அதிலும் வாஷிங்டனைப் பற்றிய வரி இருக்கிறது. வாயைத் திறக்காமலே இருந்துவிட்டார். சிம்சோன் யார் என்பதில் நாட்டில் யாருக்கும் ஐயமில்லை. 1796 ஜூலைக்குப் பிறகு வாஷிங்டன் அவருக்கு எழுதவே இல்லை. 1799 டிசம்பரில் இறந்தும் போனார்.

இதற்குப் பிறகு ஜெஃபர்சனின் கடிதங்களில் அச்சம் படிந்திருப்பதைக் காணலாம். அஞ்சலகத்தில் பிரித்துப் படிக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார். சில கடிதங்களில் கையெழுத்தே போடவில்லை. 1798இல் வெர்ஜீனியாவின் ஜான் டெய்லருக்கு எழுதியபோது, என் வரி ஒன்று பகைப் பத்திரிகைகளின் கையில் கிடைத்தால் போதும், மாதக்கணக்கில் என்னைக் குதறுவார்கள் என்று எச்சரித்தார். சூனியக்காரிகளின் ஆட்சி ஒருநாள் கடந்துபோகும், பொறுத்திருப்போம் என்று அவர் தேற்றியதும் இந்தக் கடிதத்தில்தான்.

சூனியக்காரிகளின் ஆட்சி என்று அவர் சொன்னது வெறும் கோபப் பேச்சல்ல. அடுத்த மாதமே, 1798 ஜூலை 14 அன்று, ஆடம்ஸ் தேசத்துரோகப் பேச்சுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசையோ நாடாளுமன்றமான காங்கிரஸையோ குடியரசுத் தலைவரையோ அவதூறாக எழுதினால் 2,000 டாலர் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. துணைக் குடியரசுத் தலைவரை, அதாவது ஜெஃபர்சனை, எப்படித் திட்டினாலும் குற்றமில்லை. சட்டம் எந்தப் பக்கம் பார்த்து எழுதப்பட்டது என்பதற்கு இதுவே போதும். முதலில் தண்டிக்கப்பட்டவர் வெர்மான்ட் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன். அவர்மேல் வந்த குற்றச்சாட்டுகளும் கடிதங்களைச் சுற்றியே நின்றன: ஒன்று, பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதம்; இன்னொன்று, பாரிஸிலிருந்த கவிஞர் ஜோயல் பார்லோ தன் உறவினருக்கு எழுதிய அந்தரங்கக் கடிதத்தை லயன் பொதுவில் பரப்பியது. நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். சிறையில் இருந்தபடியே அவர் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆடம்ஸ் தம் காலத்தின் நேர்மையான மனிதர்களில் ஒருவர் என்பதே என் கருத்து; ஆயினும் இந்தக் கையெழுத்து அவர் பெயரிலிருந்து அழியாது.

1800இல் முறை ஹாமில்டனுடையது. சொந்தக் கட்சியின் குடியரசுத் தலைவரான ஆடம்ஸைத் தாக்கி 54 பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, கட்சியின் முக்கியத் தலைவர்களுக்கு மட்டும் என்று அச்சடித்தார். தற்பெருமை, பொறாமை, அடங்காத கோபம் என்று அடுக்கிவிட்டு, இறுதியில் அவருக்கே வாக்களியுங்கள் என்று முடித்திருந்தார். பிரதி ஒன்று எதிரணியின் ஏரன் பர் கையில் சிக்கி, பத்திரிகைகளுக்குப் போனது. ஃபெடரலிஸ்ட் கட்சி அந்த அடியிலிருந்து எழவே இல்லை.

தேர்தலில் ஜெஃபர்சனும் பரும் தலா 73 வாக்குகள்; ஆடம்ஸ் 65. சமநிலையை உடைக்கும் வேலை பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. 16 மாநிலங்களில் 9 வேண்டும். 1801 பிப்ரவரி 11 முதல் 17 வரை 36 முறை வாக்கெடுத்தார்கள். இந்த நெருக்கடியில் ஹாமில்டன் எழுதிய கடிதங்களே அவர் வாழ்வின் மிகச் சிறந்த அரசியல் செயல் என்று நினைக்கிறேன். 'நான் வெறுக்க வேண்டிய மனிதர் உலகில் ஒருவர் உண்டென்றால் அவர் ஜெஃபர்சன்தான். பரோடு எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை. ஆனால் பொதுநன்மை எல்லாவற்றுக்கும் மேல்' என்று எழுதி, தம் கட்சியினரைப் பருக்கு எதிராகத் திருப்ப முயன்றார். டெலவரின் ஒரே உறுப்பினரான ஜேம்ஸ் பேயர்டும் அவர் எழுதியவர்களில் ஒருவர். கடைசியில் பேயர்ட் பின்வாங்கினார், ஜெஃபர்சன் வென்றார். ஹாமில்டனின் கடிதங்கள்தான் பேயர்டை மாற்றின என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட முடியாது. தம் சிறிய மாநிலத்தின் நலனும் ஒன்றியம் உடைந்துவிடும் என்ற பயமும் அவருக்கு இருந்தன. மார்ச் 4ஆம் தேதி விடியுமுன்பே ஆடம்ஸ் தலைநகரை விட்டுக் கிளம்பிவிட்டார், பதவியேற்பைப் பார்க்கவில்லை.

ஹாமில்டனின் முடிவும் ஒரு கடிதத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. 1804இல் அல்பனி விருந்து ஒன்றில் அவர் பரைப் பற்றிச் சொன்னதாக ஒரு மருத்துவர் எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளிவந்தது: இதைவிட இழிவான கருத்து ஒன்றையும் என்னால் விவரிக்க முடியும். அந்த 'இன்னும் இழிவான கருத்து' என்ன என்று பர் விளக்கம் கேட்டு ஜூன் 18 அன்று எழுதினார். ஹாமில்டன் சொற்பொருள் விவாதம் செய்தார். பத்து நாள் கடிதங்கள் போய்வந்து, ஜூலை 11 காலை வீஹாக்கன் மேட்டில் இருவரும் ஒண்டிச் சண்டையில் எதிரெதிரே நிற்க, துப்பாக்கி வெடித்தது. மறுநாள் ஹாமில்டன் இறந்தார்.

இனி ஆடம்ஸ் குடும்பத்துக்குத் திரும்புகிறேன். 1787இல் ஜெஃபர்சனின் மகள் போலி சிறுமியாக லண்டன் வந்திறங்கியபோது அவளைத் தாய்போலப் பார்த்துக்கொண்டவர் அபிகாயில் ஆடம்ஸ். 1804 ஏப்ரலில் போலி இறந்தாள். செய்தியறிந்த அபிகாயில், கணவரிடம் சொல்லாமல், இரங்கல் கடிதம் எழுதினார். ஜெஃபர்சன் நெகிழ்ந்து பதில் எழுதினார், ஆனால் தேவையில்லாமல் அதில் அரசியலைச் சேர்த்தார்: உங்கள் கணவரின் ஒரே ஒரு செயல்தான் என்னைப் புண்படுத்தியது, கடைசி நேரத்தில் என் எதிரிகளை நீதிபதிகளாக நியமித்தது.

அபிகாயில் விடவில்லை. ஜேம்ஸ் காலண்டர் என்ற எழுத்தாளர் ஆடம்ஸைப் பற்றி அருவருப்பான நூல் எழுதிச் சிறை சென்றவர். அவருக்குப் பணம் கொடுத்தவர் ஜெஃபர்சன். பதவி கிடைக்காத ஆத்திரத்தில் அதே காலண்டர் 1802இல் ஜெஃபர்சனுக்கு எதிராகத் திரும்பி, அவருடைய அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸுடனான உறவை அச்சில் ஏற்றினார். நீங்கள் வளர்த்துச் சூடு கொடுத்த பாம்பு, ஊட்டிய கையையே கடித்தது என்று அபிகாயில் எழுதினார். இந்தக் கடிதப் போக்குவரத்திலேயே நேர்மையான குரல் அவருடையதுதான். நியாயத்தை ஒரு அங்குலம் குறைக்காமல், பழைய அன்பையும் மறைக்காமல் எழுத அன்றைய ஆண்களில் பலருக்கு வரவில்லை. அக்டோபரில் கடிதங்கள் நின்றன. ஆடம்ஸ் அவற்றைப் பின்னர்தான் படித்தார். இதைப் பற்றி இப்போது, இங்கே, சொல்ல எனக்கு எதுவுமில்லை என்று அடியில் குறித்துவைத்தார்.

இருவரையும் சேர்த்துவைத்தவர் பிலடெல்ஃபியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ். 1809இல் தாம் ஒரு கனவு கண்டதாக ஆடம்ஸுக்கு எழுதினார்: நீங்கள் ஜெஃபர்சனுக்கு ஒரு சிறு கடிதம் எழுதுகிறீர்கள், பழைய நட்பு மலர்கிறது. இரண்டாண்டு கழித்து, வீட்டுக்கு வந்த இரு வெர்ஜீனிய இளைஞர்களிடம், நான் எப்போதும் ஜெஃபர்சனை நேசித்தேன், இன்றும் நேசிக்கிறேன் என்று ஆடம்ஸ் சொன்னது மான்டிசெல்லோவை எட்டியது. 1812 ஜனவரி 1 அன்று ஆடம்ஸ் எழுதினார்: கைத்தறித் துணி இரண்டு துண்டுகள் அனுப்பியிருக்கிறேன். அவர் அனுப்பியது மகன் ஜான் குவின்சி ஆடம்ஸின் சொற்பொழிவுகள், இரண்டு தொகுதிகள். கடிதம் முந்தி வந்துவிட்டது, பொட்டலம் பிந்திவிட்டது. ஜெஃபர்சன் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, வெர்ஜீனியாவில் வீடுதோறும் நூற்பும் நெசவும் எப்படி நடக்கின்றன என்று விரிவாகப் பதில் எழுதினார். பதினோரு ஆண்டு மௌனம் துணியைப் பற்றிய பேச்சில் உடைந்தது.

அதிலிருந்து 1826 வரை 158 கடிதங்கள். ஆடம்ஸ் எழுதியவை 109, ஜெஃபர்சன் 49. பழைய காயங்களும் திறந்தன. 1801இல் ஜெஃபர்சன் அறிவியலாளர் பிரீஸ்ட்லிக்கு எழுதிய, ஆடம்ஸின் ஆட்சியைச் சாடும் கடிதம் லண்டனில் ஒரு நூலில் அச்சாகி 1813இல் ஆடம்ஸின் கண்ணில் பட்டது. கடுங்கடிதங்கள் பறந்தன. ஆனால் இந்த முறை ஆடம்ஸ் முதுகைத் திருப்பவில்லை. நாம் ஒருவருக்கொருவர் நம்மை விளக்கிக்கொள்ளாமல் சாகக் கூடாது என்று எழுதினார். அதையே செய்தார்கள்: பிறப்பால் வரும் உயர்வும் தகுதியால் வரும் உயர்வும், மதம், முதுமை, துக்கம், எல்லாவற்றையும் பற்றி.

கடைசிச் சோதனை 1823இல் வந்தது. மனக்கசப்பின் ஆண்டுகளில் ஆடம்ஸ் தம் உறவினர் வில்லியம் கன்னிங்ஹாமுக்கு ஜெஃபர்சனைப் பற்றி மிகக் கடுமையாக எழுதியிருந்தார். ஜான் குவின்சி குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிடவிருந்த நேரம் பார்த்து, கன்னிங்ஹாமின் மகன் அவற்றை நூலாக வெளியிட்டார். முதியவர் நிலைகுலைந்து போனார். அக்டோபர் 12 தேதியிட்டு ஜெஃபர்சனிடமிருந்து கடிதம் வந்தது: முதுமையின் தலையணையில் முள் வைக்கவும், ஏறக்குறைய அரை நூற்றாண்டு நண்பர்களிடையே களை விதைக்கவும் பார்க்கிறார்கள்; அந்த நூலை நான் பொருட்படுத்தவில்லை, நீங்களும் மனத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

ஆடம்ஸ் அதைக் காலை உணவு மேசையில், குடும்பம் முழுவதும் கேட்க, உரக்கப் படிக்கச் சொன்னார். இதுவரை எழுதப்பட்டவற்றிலேயே சிறந்த கடிதம் என்று மேசையே வியந்தது. இதை உடனே அச்சிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். கூடாது, திரு. ஜெஃபர்சனின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் கூடவே கூடாது என்றார் ஆடம்ஸ்.